யாழ்ப்பாணத்தில் பூட்டியதைக் கொழும்பில் ஓட்டலாமா? வாகனத்தோடு இடம் மாறுகிறவர்களுக்கு

மச்சான் ஒருவன் வேலை மாற்றலாகி யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தான். சாமான்களை லொறியில் அனுப்பிவிட்டு, தன் டொல்பின் வேனைத் தானே ஓட்டிக்கொண்டு ஏ9 வழியாக வந்து சேர்ந்தான். சும்மா வேன் இல்லை அது. வயிற்றுக்குக் கீழே நீல எல்.ஈ.டி. பட்டி, நாலு பக்கமும் கறுப்பு ஸ்டிக்கர், பம்பருக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பி, லொறிக்குப் பூட்டும் எயார் ஹோர்ன், மட்காட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் டயர். ஊரில் மாப்பிள்ளை அழைக்க அந்த வேனைத்தான் கேட்பார்கள். கொழும்புக்கு வந்து நாலாம் நாள் காலி வீதியில் பொலிஸார் கை காட்டி மறித்தார்கள், அரை மணித்தியாலம் கழித்து எனக்கு ஃபோன் வந்தது. "மச்சான், ஊரில மூண்டு வருசம் ஓடினன், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இஞ்ச சட்டம் வேறயோ?"

வேறு இல்லை. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குக் குடிபோகிறவர்கள், புகையோடு சம்பந்தப்பட்ட, கம்பெனி செய்யாத பாகம் எதையாவது பூட்டியிருந்தால், அதற்கு அந்த மாநிலத்தின் அங்கீகார இலக்கம் இருக்கிறதா என்று தேடி அலைவார்கள், ஏனென்றால் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டமே மாறுகிறது. நமக்கு அப்படி இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் பருத்தித்துறைக்கும், அதுதான் பம்பலப்பிட்டிக்கும். மாறுவது கண்களின் எண்ணிக்கை. இங்கே சந்திக்குச் சந்தி பொலிஸ், அதற்கு மேல் கமரா, போதாக்குறைக்கு 2025 ஜூலையில் சட்டவிரோத மாற்றங்களைத் தேடி நாடு முழுக்க விசேட நடவடிக்கையும் தொடங்கினார்கள். ஆகவே "கொழும்பில் எதற்கு அனுமதி" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என் வண்டி என் சி.ஆரோடு பொருந்துகிறதா" என்று கேளுங்கள், சி.ஆர். என்றால் வாகனத்தின் பதிவுச் சான்றிதழ். முக்கால்வாசிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

சி.ஆரை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பலர் அதில் இலக்கமும் சொந்தக்காரர் பெயரும் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். என்ஜின் இலக்கம், செசி இலக்கம், சிலிண்டர் கொள்ளளவு, எரிபொருள், பொடி வகை, நிறம், எத்தனை இருக்கை, நிறை, நீள அகல உயரம், முன் பின் டயர் அளவு எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றில் எதை மாற்றியிருந்தாலும் அது வெறும் அலங்காரம் இல்லை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரிவித்துப் பதிவில் ஏற்ற வேண்டிய மாற்றம். நாமெல்லாம் ஆர்.எம்.வி. என்று சொல்கிற நாரஹேன்பிட்ட அலுவலகம்தான் அந்தத் திணைக்களம்.

என்ஜினில்தான் பெரிய வில்லங்கம். 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததில், உள்ளதை வைத்து ஓட்ட வேண்டியதாயிற்று, களைத்த என்ஜினைக் கழற்றிவிட்டு ஜப்பான் ரீகண்டிஷன் என்ஜினோ ஹாஃப் கட்டோ (என்ஜினோடு பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்) வாங்கிப் பூட்டியவர்கள் எத்தனையோ பேர். பூட்டுவது பிழையில்லை. பூட்டியதைச் சொல்லாமல் விடுவதுதான் பிழை, அது எப்போது வெளியே வரும் என்றால் உங்களுக்குக் காசு அவசரமான நாளில் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. பழைய லான்சர் ஒன்றை வைத்து ஒரு கடன் எடுக்கப் போனேன், பெறுமதி பார்க்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். பொனெட்டைத் திறந்து, துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு என்ஜின் புளொக்கைத் துடைத்து, குத்தியிருந்த இலக்கத்தின் மேல் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தார், அதன் மேல் செலோடேப்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தி உரித்து, அப்படியே ஃபோமில் ஒட்டினார். சாம்பல் நிறத்தில் அச்சடித்த மாதிரி இலக்கம் விழுந்திருந்தது. பிறகு சி.ஆர். பிரதியைப் பக்கத்தில் வைத்தார். கடைசி நாலு இலக்கமும் வேறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார், எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு விற்றவர் என்ஜின் மாற்றியதைச் சொல்லவே இல்லை, நானும் வாங்கும்போது இந்த ஒரு பென்சில் வேலையைச் செய்து பார்க்கவில்லை. அந்த என்ஜினின் பில்லையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் அலைந்தேன்.

அதனால் என்ஜின் மாற்றியிருந்தால், கொழும்புக்கு வருவதற்கு முன்னமே ஊரிலேயே பதிவைத் திருத்திவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. யாழ்ப்பாணத்திலும் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது, என்ஜின் விற்ற கடைக்காரரும் பூட்டிய மெக்கானிக்கும் அங்கேதான் இருக்கிறார்கள், பில் வேண்டும் என்றால் சைக்கிளில் போய் வாங்கலாம். இங்கே வந்த பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஃபோன் எடுத்துக் கெஞ்ச வேண்டும். விண்ணப்பத்தோடு மூல சி.ஆர்., என்ஜின் வாங்கிய பில், அது முறையாக இறக்குமதியானதைக் காட்டும் பத்திரம் என்பவற்றைச் சேர்த்துக்கொண்டு, வாகனத்தையும் பரிசோதனைக்குக் கொண்டுபோக ஆயத்தமாக இருங்கள். லீசிங்கில் உள்ள வண்டி என்றால் சி.ஆரில் அப்சலூட் ஓனர் என்று அந்த நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும், அவர்களின் சம்மதக் கடிதம் இல்லாமல் ஒன்றும் நகராது. கொள்ளளவும் மாறியிருந்தால், உதாரணமாக 1500 இருந்த இடத்தில் 1800 வந்திருந்தால், அதையும் சேர்த்தே எழுதுங்கள், இலக்கத்தை மட்டும் திருத்தித் தப்பலாம் என்று பார்க்காதீர்கள்.

காஸுக்கு மாற்றிய கார்களும் இதே கதைதான், எரிபொருள் என்ற வரியில் ஒன்று, டிக்கியில் சிலிண்டராக இன்னொன்று என்று இருக்கக்கூடாது. தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின, ஸ்டார்ட் எடுக்க மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். அதுவும் எரிபொருள் மாற்றம்தான், எந்தப் பதிவிலும் யாரும் ஏற்றவில்லை. அந்தக் காலத்துத் தைரியத்தோடு இப்போது வெளிக்கிட வேண்டாம்.

அடுத்தது வேன்காரர்களுக்கு. டொல்பின்கள் நிறைய, சாமான் ஏற்றும் வேனாக இறங்கி, பிறகு இங்கே கண்ணாடி வெட்டி இருக்கை பூட்டியவை. சி.ஆரில் எத்தனை இருக்கை என்று இருக்கிறது, உள்ளே எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மச்சானின் வேனில் இரண்டு கூட. நடுவில் மடக்கி விரிக்கும் ஜம்ப் சீட் இரண்டு, நல்லூர்த் திருவிழா நேரம் சொந்தக்காரரை ஏற்றப் பூட்டியது. இருக்கையைக் கழற்றுவது கால்மணி நேர வேலை, நாலு போல்ட், அவ்வளவுதான், ஆனால் போல்ட் போன துளைகளை அப்படியே விட்டுவிடாமல் ரப்பர் மூடி போட்டு அடையுங்கள், இல்லாவிட்டால் மழைக்குத் தண்ணீர் வந்து தரை துருப்பிடிக்கும். கூரையை உயர்த்தியது, பின்பக்கத்தை நீட்டியது மாதிரி பொடியில் கை வைத்திருந்தால் அது கழற்றக்கூடிய விசயமில்லை, அதைப் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவதைத் தவிர வேறு வழி கிடையாது.

நிறம் மாற்றியிருந்தால் தெரிவியுங்கள். வண்டி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி நிறத்தை மாற்றியிருந்தாலும் அப்படித்தான், வீதியில் மறிக்கிறவரின் கையில் இருக்கும் தாளில் வெள்ளை என்றும் முன்னால் நிற்பது கறுப்பு என்றும் இருந்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

டயர், அலோய். சி.ஆரில் அளவு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. கம்பெனி கொடுத்த அளவுக்குள் நிற்கும் அலோய் வீலுக்குப் பயப்படத் தேவையில்லை. டயர் மட்காட்டைத் தாண்டி வெளியே வந்தால்தான் பிரச்சினை, மழைக்குச் சேற்றைப் பக்கத்தில் போகும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் அடிக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய கார்களைப் பற்றி நான் சட்டமே பேசப்போவதில்லை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இருக்கும் ஸ்பீட் பிரேக்கர்கள் உங்களுக்குத் தேவையான பாடத்தைச் சொல்லித் தரும்.

இனி, சி.ஆரில் இல்லாதவை, ஆனால் மறித்தவுடன் கண்ணிலும் காதிலும் படுகிறவை. லைட்டுகளை எடுத்துக்கொண்டால் விதி பழையதுதான், முன்னுக்கு வெள்ளையோ மஞ்சளோ, பின்னுக்குச் சிவப்பு. நீலமும் சிவப்புமாக மின்னுவது அம்புலன்ஸுக்கும் பொலிஸுக்கும் உரியது, உங்கள் கிரில்லுக்குள் இருந்து மின்ன வேண்டியதில்லை. வயிற்றுக்குக் கீழே உள்ள பட்டி, சில்லுக்குள் எரியும் கலர், நம்பர் தகட்டைச் சுற்றி ஓடும் லைட், எல்லாவற்றையும் கழற்றுங்கள், வயரை வெட்டிவிட்டுச் சும்மா தொங்க விடாமல் ஃபியூஸ் பெட்டி வரைக்கும் போய் இழுத்தெடுங்கள், இப்படித் தொங்கிய வயரால் ஷோர்ட் ஆன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஹெட்லைட் கொஞ்சம் நுணுக்கமானது. பழைய வண்டிகளின் ரிஃப்ளெக்டர் ஹலஜன் பல்புக்கென்றே செய்தது, இழை எந்த இடத்தில் எரியும் என்று கணக்குப் பார்த்து வளைத்தது. அதற்குள் கடையில் விற்கும் எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் வீதியில் விழாமல் எதிரே வருகிறவரின் கண்ணில் விழும். இரவில் ஒரு சுவருக்கு முன்னால் ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி இருந்தால் சரி, புகை மாதிரி மேலே பரவியிருந்தால் பழைய பல்பையே திரும்பப் போடுங்கள்.

கறுப்பு ஸ்டிக்கர் விசயத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கம்பெனியிலிருந்தே பின் கண்ணாடிகள் கொஞ்சம் கறுப்பாக வந்தால் அது வேறு, நாம் ஒட்டுவது வேறு. முன் கண்ணாடியிலும் சாரதிக்கு இரண்டு பக்கத்துக் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தால் வாக்குவாதமே வேண்டாம், உரித்துவிடுங்கள். உரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. தலைமுடி காய வைக்கும் ஹெயார் டிரையரால் ஒரு மூலையைச் சூடாக்கி, நகத்தால் கிளப்பி, சூடு காட்டிக்கொண்டே மெதுவாக இழுத்தால் பசையோடு சேர்ந்து ஒரே தாளாக வரும். மிச்சப் பசைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பின் கண்ணாடியில் மட்டும் பிளேட் போட வேண்டாம், பனியை நீக்கும் மெல்லிய கம்பிக்கோடுகள் அறுந்துபோனால் கண்ணாடியையே மாற்ற வேண்டி வரும். மச்சானின் மனைவி தன் டிரையரைக் கொடுக்க ஒரு நாள் முழுக்க யோசித்தார், அது தனிக் கதை.

ஹோர்னுக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தனியாகவே ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. எயார் ஹோர்னைக் கழற்றிப் பழையதைப் பூட்டுங்கள். சைலன்சரும் அப்படித்தான், முடிந்தால் கம்பெனிச் சைலன்சரை வைத்திருந்து திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் பஞ்சிகாவத்தையில் ஒரு காலை நேரத்தைச் செலவழியுங்கள், மருதானைப் பக்கம் அந்தத் தெருவில் இல்லாத சாமான் இல்லை. போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் சொல்லி வாங்கினால் வேறொரு வருசத்து மொடல் சாமான் வரும். முதலாவது கடையில் சொல்லும் விலையை நம்பாதீர்கள், மூன்றாவது கடையிலும் முழுதாக நம்பாதீர்கள். பில் வாங்காமல் மட்டும் வர வேண்டாம்.

அடுத்தது புகை. வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியோடு புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும் என்பது தெரிந்ததுதான், மேல் மாகாணத்தில் அது 2008இல் தொடங்கியது. பெற்றோல் வண்டிக்குக் காபன் மொனொக்சைட்டும் எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகாபனும் அளக்கிறார்கள், டீசலுக்கு அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்து அந்தப் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிக் கொன்வேர்ட்டரைக் கழற்றி விற்றுவிட்டு நேர்க் குழாய் போட்டவர்களுக்கு இங்கேதான் மாட்டுகிறது. டீசலில் இழுவைக்காகப் பம்பைக் கூட்டி வைத்திருந்தால் குறைத்து, எயார் ஃபில்டரையும் மாற்றிவிட்டுப் போங்கள், போவதற்கு முன் அரை மணி நேரமாவது ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். பரிசோதனைக்குக் குறைத்துவிட்டுப் பிறகு கூட்டுகிற கெட்டித்தனம் பலரிடம் உண்டு, வீதியோரத்தில் மறித்தும் புகை பார்ப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட மாகாணத்தைக் குறிக்கும் என்பி என்று தொடங்கும் நம்பர் தகட்டை மாற்றத்தான் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், அந்தத் தகட்டோடேயே ஓடலாம், 2023 முதல் கொடுக்கும் புதிய தகடுகளில் மாகாண எழுத்தே கிடையாது. ஆனால் தகடு திணைக்களம் கொடுத்ததாக இருக்க வேண்டும். கடையில் செய்த ஸ்டைல் எழுத்துத் தகடு, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி மூடி, மோட்டார் சைக்கிளில் மேலே மடித்து வைத்த தகடு, இவையெல்லாம் கொழும்பில் அரை நாள் தாங்காது. 2024 ஜனவரி 22 முதல் இங்கே கமராவில் பார்த்து வழக்குப் போடுகிறார்கள், கடிதம் பதிவில் உள்ள சொந்தக்காரரைத் தேடித்தான் போகும். அதனால் ஓபன் பேப்பரில் வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்கள்தான், வாங்கி 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டியவை. உங்கள் பெயருக்கு வராத வண்டியில் என்ஜினையோ நிறத்தையோ பதிய நீங்கள் விண்ணப்பிக்கவும் முடியாது, எல்லாவற்றுக்கும் பழைய சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும், அவர் இப்போது கனடாவில் இருப்பார்.

மோட்டார் சைக்கிள் தம்பிமாருக்கு: கண்ணாடி இரண்டையும் திரும்பப் பூட்டுங்கள், வெட்டிய பின் மட்காட்டைப் போடுங்கள், சைலன்சரைப் பற்றி மேலே சொன்னதே உங்களுக்கும்.

காப்புறுதிக்காரருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். என்ஜின், காஸ், இருக்கை, இரும்புக் கம்பி என்று எதை மாற்றியிருந்தாலும் எழுத்தில் சொல்லி, பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரையோ பதில் மின்னஞ்சலோ வாங்கி வையுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் தேடுவது அந்தச் சொல்லாத விசயத்தைத்தான்.

மறித்துவிட்டார்கள் என்றால் சட்டம் கதைக்க வேண்டாம். சி.ஆர். பிரதி, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், செய்த மாற்றங்களின் பில்கள் எல்லாம் ஒரே உறையில் டாஷ்போர்டுக்குள் இருக்கட்டும். சிங்களம் தடுமாறினால் தடுமாறுகிறது என்றே சொல்லுங்கள், விளங்காத தாளில் கையெழுத்து வைப்பதை விட அது மேல். தண்டப்பத்திரம் எழுதினால் 14 நாட்களுக்குள் கட்டுங்கள், பிந்தினால் இரட்டிப்பு, 28 நாள் தாண்டினால் நீதிமன்றம். "கழற்றிவிட்டுக் கொண்டுவந்து காட்டு" என்று விட்டால் அன்றைக்கே கழற்றுங்கள், அதே வீதியில்தான் நாளைக்கும் வேலைக்குப் போகப்போகிறீர்கள், அதே ஆள்தான் நிற்பார்.

மச்சான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றி முடித்தான். இருக்கை இரண்டும், இரும்புக் கம்பியும், நாலு அகல டயரும் இப்போது மூன்றாம் மாடி ஃபிளட்டின் பல்கனியில் இருக்கின்றன. துணி காயப்போட இடமில்லை என்று மனைவி ஒவ்வொரு நாளும் கேட்கிறார், அவன் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கொண்டுபோகிறேன் என்கிறான்.